ஃபோர்மட் அடிக்க முதல் எந்தப் பைதன் எண்டு கேளுங்கோ

கொம்பியூட்டருக்கு என்ன வருத்தம் வந்தாலும் எங்களிடம் ஒரே வைத்தியம்தான் இருக்கிறது: ஃபோர்மட். மெதுவாக ஓடுகிறதா, ஃபோர்மட். பிரின்டர் பிடிக்குதில்லையா, ஃபோர்மட். பைதன் எரர் காட்டுதா, அதுக்கும் ஃபோர்மட். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையைச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்தவர்கள் நாங்கள். இப்போது காசு கொடுத்துக் கொளுத்துவித்துக்கொண்டிருக்கிறோம்.

கோபத்தில்தான் இதை எழுதுகிறோம். ஏன் கோபம் எண்டதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பட்ச் தோழி ஒருத்தி, இறுதியாண்டு ஆய்வுக்காக நுண்கடன் எடுத்த பெண்களைச் சந்தித்து 23 நேர்காணல்களைப் பதிவு செய்திருந்தாள். கிழமைக் கடைசியில் கடன்காரர் வீட்டு வாசலில் வந்து இருக்கிற கதை, தோட்டை அடைவு வைத்த கதை, புருசனுக்குத் தெரியாமல் இரண்டாவது கடன் எடுத்து முதற் கடனைக் கட்டின கதை. அவர்களில் பலர் அவளிடம் கேட்டது ஒன்றைத்தான்: "பிள்ளை, உன்ர படிப்புக்கெண்டபடியால் கதைக்கிறன். வேற ஒருத்தருக்கும் இதைப் போட்டுக் காட்டாத." அவள் ஓமெண்டு சொன்னாள். அதனால்தான் ஒலிப்பதிவுகளை இணையத்தில் ஏற்றி எழுத்தாக்கித் தருகிற சேவைகள் எதையும் அவள் தொடவில்லை. விஸ்பர் எண்டொரு திறந்தமூல மென்பொருள் இருக்கிறது. 2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்டது, தமிழும் தெரியும், ஒருமுறை மாதிரியை இறக்கிவிட்டால் இன்ரநெற் இல்லாமலே சொந்த லப்டொப்பில் ஓடும். ஒரு குரல்கூட வெளியே போகாது. அதைத்தான் அவள் தெரிவுசெய்தாள். ஆய்வு ஒழுக்கம் பற்றி எங்களுக்கு எடுக்கப்பட்ட எல்லா விரிவுரைகளையும்விட இது பெரிய ஒழுக்கம் எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

விஸ்பர் பைதனில் ஓடுவது. யூடியூபில் ஒருவர் சொன்னபடி அவள் பைதனை இறக்கினாள், பிப் கட்டளையைத் தட்டினாள். 'வெற்றிகரமாக நிறுவப்பட்டது' எண்டு வந்தது. விஎஸ் கோட்டைத் திறந்து ஓடவிட்டாள். 'விஸ்பர் எண்டு ஒரு மொடியூல் இல்லை' எண்டு வந்தது. திரும்பப் பிப். 'ஏற்கெனவே இருக்கிறது.' திரும்ப ஓட்டம். 'இல்லை.' இருக்கு, இல்லை, இருக்கு, இல்லை. இரண்டு இரவு இப்படிப் போனது.

மூன்று பேரிடம் கேட்டாள். ஒரு சீனியர் அண்ணா, "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு ஆகப் புதுசை இன்ஸ்டோல் பண்ணு" எண்டார். கணினி தெரிந்த இன்னொருவர், "ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு ஏன் உந்த வேலை? கையால எழுதுங்கோவன்" எண்டு சிரித்தார். மூன்றாவது, டவுனில் ஒரு திருத்துகிற கடை. பின்னேரம் கொடுத்தாள், அடுத்த நாள் காலை பளபளவெண்டு புது விண்டோஸோடு திருப்பிக் கொடுத்தார்கள். டெஸ்க்டொப்பில் இருந்த ஃபோல்டர் இல்லை. போனில் இடம் காணாதெண்டு பழைய பதிவுகளை அவள் ஏற்கெனவே அழித்திருந்தாள். மிஞ்சினது எட்டு. பதினைந்து போயிற்று.

பெக்கப் எடுக்காதது அவளுடைய பிழைதான், அதை அவளே சொல்லுகிறாள். கொடுக்கும்போது 'உள்ளுக்க முக்கியமானது ஏதும் இருக்கோ' எண்டு கேட்காதது கடையின் பிழை. அதையும் விடுவோம். எங்களால் விட முடியாதது வேறொன்று. கடைக்குக் கொடுக்க முதல் அவள் அந்த எரரைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பியிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு, நாங்கள் நாலைந்து பேர் அந்தப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசித்தோம். விடை படத்திலேயே இருந்தது. பிப் சொன்ன 'ஏற்கெனவே இருக்கிறது' வரியின் கடைசியில், எங்கே இருக்கிறது எண்டும் எழுதியிருந்தது: பைதன்311 எண்ட ஃபோல்டருக்குள். விஎஸ் கோட் படத்தில், எரருக்கு மேலே இருந்த நீளமான வரியில் ஓடிக்கொண்டிருந்தது பைதன்313.

இரண்டு பைதன். ஒன்றுக்குள் சாமானை வைத்துவிட்டு மற்றதிடம் தேடினால் எப்படிக் கிடைக்கும்? விஎஸ் கோட்டின் கீழ் வலது மூலையில் உள்ள எண்ணை அழுத்தி 3.11ஐத் தெரிவுசெய்திருந்தால் அரை நிமிட வேலை. மூன்று பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை.

இது எப்படி நடக்கிறது எண்டதைக் கலைப்பீடத்துக்காரர் நாங்களே சொல்லுகிறோம், விளங்காத இடமிருந்தால் கொமென்டில் கேளுங்கோ. முற்றத்தில் நின்று "தம்பி!" எண்டு கூப்பிட்டால் வீட்டில் மூன்று தம்பிமார் இருந்தால் யார் வருவான்? கிட்ட நிக்கிறவன்தான். கணினியிலும் அதுதான். சிஎம்டியில் 'பைதன்' எண்டு தட்டினால், விண்டோஸ் தன்னிடமுள்ள ஒரு பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு போகும். அந்தப் பட்டியலுக்குப் பெயர் பாத். முதலில் எந்த ஃபோல்டரில் பைதன் எண்டு ஒன்று தட்டுப்படுகிறதோ அதை ஓடவிடும், மிச்சத்தைப் பார்க்காது. பைதனை நிறுவும்போது முதற் பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், 'பாத்தில் சேர்' எண்டு. வழமையாக அது சரி போடாமல்தான் வரும். தோழி போன வருசம் ஒரு பயிற்சிப்பட்டறையில் 3.11ஐச் சரி போட்டு நிறுவியிருந்தாள், இந்த வருசம் 3.13ஐச் சரி போடாமல். ஆகவே சிஎம்டியில் தட்டின பிப், பழைய தம்பியின் ஆள். விஎஸ் கோட் பாத்தை மட்டும் பார்ப்பதில்லை, தானே தேடிப் புதியவனைப் பிடித்து வைத்திருந்தது. ஒருவனிடம் காசைக் கொடுத்து மற்றவனிடம் சாமானைக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

இதிலுள்ள கொடுமை என்னவெண்டால், அவளுக்குத் தேவைப்பட்டது அந்தப் பழைய 3.11தான். விஸ்பரின் அறிமுகப் பக்கத்திலேயே 3.8 முதல் 3.11 வரை எண்டு எழுதியிருக்கிறது. "ஆகப் புதுசைப் போடு" எண்ட அறிவுரை, இருந்த ஒரே சரியான பதிப்பையும் அழிக்கச் சொன்ன அறிவுரை.

ஆகப் புதுசுதான் ஆக நல்லது எண்ட எண்ணம் போனிலிருந்து வந்தது. பைதனுக்கு அது பொருந்தாது. 2008 டிசம்பரில் பைதன் 3 வந்தபோது, பைதன் 2இல் எழுதின நிரல்கள் பல அதில் ஓடவில்லை. வேண்டுமெண்டேதான் அப்படி மாற்றினார்கள். பழையதைக் கைவிட 2020 ஜனவரி 1 வரை, பதினொரு வருசத்துக்கு மேல் எடுத்தது. அந்த இடைக்காலம் முழுக்க உலகம் இரண்டு பைதனோடுதான் குடித்தனம் நடத்தியது. இப்போது ஒவ்வொரு வருசமும் ஒக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருசம் பராமரிப்பு. எந்த நேரத்திலும் நாலைந்து பதிப்புகள் உயிரோடு இருக்கும். புதியது வந்த அன்றே எல்லா நூலகங்களும் அதற்குத் தயாராக இருப்பதில்லை, விஸ்பருக்கு வேண்டிய டோர்ச் போன்ற பெரியவை கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும். மறுபக்கம், அண்ணாவிடமிருந்து வந்த விண்டோஸ் 7 லப்டொப் வைத்திருக்கிறவர்களுக்கு 3.8தான் எல்லை, 3.9 அதில் ஏறாது. யாருக்கு எந்தப் பதிப்பு எண்டது ஆளையும் மெசினையும் வேலையையும் பொறுத்தது. (இன்னொன்று: 3.9ஐவிட 3.11 புதியது. புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம் இல்லை, பதினொன்று. எங்களில் இருவர் இதில் ஒரு நாள் முழுக்க ஏமாந்திருக்கிறோம்.)

அதோடு, எங்கள் லப்டொப்புகளில் பைதன் கேட்காமலே வந்து குந்துகிறது. புவியியல் படிக்கிறவர்கள் ஜி.ஐ.எஸ். செய்முறைக்குக் கியூஜிஐஎஸ் போடுகிறார்கள். விண்டோஸில் அது தனக்கென்று ஒரு பைதனைக் கூடவே கொண்டுவருகிறது. புள்ளிவிபரத்துக்கு அனகொண்டா போட்டால் அதுக்குள் இன்னொன்று. ஒன்றுமே போடாத புது விண்டோஸிலும் 'பைதன்' எண்டு தட்டினால் மைக்ரோசொப்ட் ஸ்டோர் திறந்துகொண்டு நிற்கும், ஏனெண்டால் 2019இலிருந்து அந்தப் பெயரில் ஒரு பொய் வாசல் வைத்திருக்கிறார்கள். ஆக, 'எனக்குப் பைதன் சரிவராது' எண்டு சொல்லுகிற ஒரு கலைப்பீட மாணவியின் லப்டொப்பில் சில நேரம் நாலு பைதன் இருக்கும். அவளுக்குச் சரிவராதது பைதன் இல்லை. உள்ளுக்கு நாலு பேர் இருக்கிறார்கள் எண்டதை அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

இங்கேதான் எங்கள் சண்டை. 'ஆர்ட்ஸ்காரருக்கு இது வராது' எண்டு சொல்லுகிறவர்களோடு. அவர்களிடம் ஒரு கேள்வி. 'வேர்ஷன்' எண்டதற்குத் தமிழில் என்ன சொல்லுகிறோம்? பதிப்பு. அந்தச் சொல் யாருடைய வீட்டுச் சொல்? தமிழ் படிக்கிற எவரும் அடிக்குறிப்பில் 'தொல்காப்பியம்' எண்டு மட்டும் எழுதிக் கொடுத்துப் பாருங்கோ. எந்தப் பதிப்பு, யார் பதிப்பித்தது, எந்த ஆண்டு எண்டு சிவப்பு மையில் திரும்பி வரும். சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1885இல் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சிட்டது ஒரேயொரு ஏட்டைப் பார்த்தல்ல, பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுத்தான். ஒரு ஏட்டில் இருக்கிற வரி மற்ற ஏட்டில் இல்லை எண்டால் அவர் ஏடுகளைக் கொளுத்தவில்லை. எது எங்கிருந்து வந்தது எண்டு பார்த்தார். 'ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை' எண்ட பிரச்சினையைக் கையாளத்தான் எங்களைப் பயிற்றுகிறார்கள். தோழியின் எரரும் அச்சொட்டாக அதே பிரச்சினை. பிறகு எப்படி எங்களுக்கு வராது?

ஆனால் எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். புத்தகத்தை அப்படி வாசிக்கிற நாங்கள், திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி சிவப்பாக வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறோம். படமெடுத்து "அண்ணா இது என்ன" எண்டு அனுப்புகிறோம். அந்த அண்ணாவும் கண்ணை மூடிக்கொண்டு, தனக்கு எப்போதோ வேலை செய்த கட்டளையை அனுப்புகிறார். நாங்களும் ஒட்டுகிறோம். உபுண்டு பாவிக்கிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. 2023க்குப் பிறகு வந்த உபுண்டுவில் சும்மா பிப் அடித்தால், 'இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது' எண்டு தடுத்துவிடும். அந்தத் தடை ஒரு பாதுகாப்பு, ஏனெண்டால் உபுண்டுவின் பல உறுப்புகள் அந்த உள்ளூர்ப் பைதனில்தான் ஓடுகின்றன. தடையை மீற ஒரு சொல்லைச் சேர்க்கலாம். அந்தச் சொல்லின் நேர்ப் பொருள் 'சிஸ்டத்தின் பொதிகளை உடை' எண்டதுதான். பெயரிலேயே உடை எண்டு எழுதியிருக்கிறதை வாசிக்காமல் ஒட்டிவிட்டு, உடைந்துபோச்சு எண்டு அழுகிறோம். இதைவிட மோசம், 'பழைய பைதனை அழி' எண்ட யோசனையைக் கேட்டு உபுண்டுவின் சொந்தப் பைதனை நீக்குவது. டெஸ்க்டொப்பே எழும்பாது. பிறகென்ன, ஃபோர்மட்தான்.

சரி, கத்திக்கொண்டிருக்காமல் செய்யவேண்டியதைச் சொல்லுகிறோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறோம், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கோ.

முதலில் ஒன்றையும் அழிக்காதேங்கோ. 'வெயார் பைதன்' எண்டு சிஎம்டியில் தட்டுங்கோ. பாத்தில் எத்தனை பைதன் அகப்படுகிறதோ அத்தனையும் வரிசையாக வரும், மேலே நிற்பதுதான் கூப்பிட்டால் ஓடி வருகிறது. ஒரு கண்ணி: சிஎம்டிக்குப் பதிலாகப் பவர்ஷெல்லில் இதைத் தட்டினால் ஒன்றுமே வராது, ஏனெண்டால் அங்கே 'வெயார்' வேறொரு கட்டளையின் சுருக்கம். 'வெயார்' பக்கத்தில் புள்ளி போட்டு ஈஎக்ஸ்ஈ சேர்க்க வேண்டும். இது தெரியாமல் 'என்னட்டப் பைதனே இல்லை' எண்டு ஐந்தாவது பைதனை இறக்கினவர்கள் எங்களில் உண்டு. பாத்தில் இல்லாதவற்றையும் பார்க்க, 'பை' (பீ, வை, இரண்டே எழுத்து) தட்டி, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் பூச்சியமும். பட்டியல் வரும். பூச்சியத்துக்குப் பதிலாக 3.11 எண்டு போட்டால் அந்தக் குறிப்பிட்ட தம்பியே வருவான். தம்பி எண்டு கத்துவதை விட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி.

இரண்டாவது, பிப்பைத் தனியாகத் தட்டுகிற பழக்கத்தை விடுங்கோ. எந்தப் பைதனுக்கு வேண்டுமோ அதன் பெயரை முன்னால் சொல்லி, கழித்தல் குறி, எம், பிறகு பிப். இந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் தோழியின் கதை நடந்தேயிருக்காது. நிரலுக்குள்ளிருந்து பார்க்க வேண்டுமெண்டால் சிஸ் மொடியூலை அழைத்து எக்ஸிகியூட்டபிளை அச்சிடச் சொல்லுங்கோ. 'நான் இந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறேன்' எண்டு பைதனே சொல்லும்.

மூன்றாவது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வெர்ச்சுவல் என்வயர்ன்மென்ட். 2012இல் வந்த 3.3இலிருந்து பைதனோடு சேர்ந்தே வருகிறது, காசு இல்லை, டவுன்லோட் இல்லை. ஆய்வுக்கு ஒரு அறை, பட்டறைக்கு ஒரு அறை. ஒன்றில் உடைந்தால் அந்த அறையை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பக் கட்டலாம். ஆனால் அந்த ஃபோல்டரைப் பென்ட்ரைவில் போட்டு நண்பிக்குக் கொடுக்காதேங்கோ. அதுக்குள் உங்கள் மெசினின் முகவரிகள் எழுதப்பட்டிருக்கும், அவளுடைய மெசினில் ஓடாது. பிப் ஃபிரீஸ் போட்டு வருகிற பெயர்ப் பட்டியலைக் கொடுங்கோ, பைதன் பதிப்பு எண்ணோடு சேர்த்து.

"இவ்வளவு கரைச்சல் ஏன், கூகுள் கொலாபில ஓடவிடலாமே?" எண்டு ஒருவர் நிச்சயம் கேட்பார். கவிதைகளில் சொல் எண்ணுகிற வேலைக்கு ஓடவிடுங்கோ, நாங்களும் விடுகிறோம். ஆனால் கொலாபுக்கு ஒலிப்பதிவை ஏற்ற வேண்டும். 'வேற ஒருத்தருக்கும் போட்டுக் காட்டாத' எண்டு கேட்ட பெண்ணின் குரலை ஏற்ற வேண்டும். எங்கள் ஆய்வுகளில் பாதி இப்படிப்பட்ட குரல்களில்தான் நிற்கிறது. அந்தக் குரல்களைச் சொந்த மெசினில் வைத்துக் கேட்கிற வல்லமை எங்களுக்கு வேண்டும். ரீலோட் போட்டு டேட்டா வாங்குகிறவர்களுக்குக் காசுக் கணக்கும் இருக்கிறது: விஸ்பரின் மீடியம் மாதிரி மட்டும் ஒன்றரை ஜி.பி. அளவு வரும். ஒருமுறை இறக்கிச் சொந்த மெசினில் வைத்தால் முடிந்தது. கொலாபில் அமர்வு மூடினால் இறக்கினது போய்விடும், ஒலிப்பதிவையும் திரும்ப ஏற்ற வேண்டும், அதுவும் எங்கள் டேட்டாவில்.

கணினிப் பாடம் எடுக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். எங்களில் உயர்தரத்துக்கு ஐ.சி.ரி. எடுத்தவர்கள் இருக்கிறார்கள். வைல் லூப்பைக் காகிதத்தில் பிழையில்லாமல் எழுதுவார்கள், சொந்த லப்டொப்பில் அதை ஓடவிடத் தெரியாமல் நிற்பார்கள். முதல் நாள், முதல் மணித்தியாலம், லூப்புக்கு முதல் 'வெயார் பைதன்' படிப்பியுங்கோ. எரரை மாணவர் முன்னால் கடைசி வரியிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டுங்கோ. உங்களுக்கும் பிழை வரும் எண்டதை நாங்கள் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். இதுவரை நாங்கள் பார்த்ததெல்லாம், ஏற்கெனவே எல்லாம் சரியாக இருக்கிற உங்கள் லப்டொப் புரொஜெக்டரில் ஓடுவதைத்தான்.

தோழி எட்டு நேர்காணலோடு ஆய்வை எழுதிக்கொண்டிருக்கிறாள். திரும்பப் போய்க் கேட்கலாம்தானே எண்டு மேற்பார்வையாளர் சொன்னார். இரண்டு பேரிடம் போனாள். ஒருவர் தேத்தண்ணி கொடுத்தார், முந்திச் சொன்னதைத் திரும்பச் சொல்ல ஏலாது எண்டார். மற்றவர் அந்த வீட்டில் இல்லை.

கணினி அறைச் சுவரில் நாங்கள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம், மேலே சொன்ன கட்டளைகள் ஆங்கில எழுத்தில், விளக்கம் தமிழில். இந்தக் கிழமை யாரோ அதன் அடியில் பேனையால் 'மக்குக்கு எப்படி?' எண்டு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்களிடம் மக் இல்லை. வைத்திருக்கிறவர்கள் ஒருநாள் கொண்டு வாங்கோ, சேர்ந்திருந்து பார்ப்போம். பக்கத்தில் பழைய செய்முறைத் தாளும் அப்படியே தொங்குகிறது. அதன் முதல் வரி இன்னும் 'பைதனை நிறுவிக்கொள்ளவும்' எண்டுதான் இருக்கிறது, எந்தப் பதிப்பு எண்டு இல்லாமல்.